பதினேழாம் கேள்வி

ஏழுமலைக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. இங்கிலீஷ் பேப்பரை வரி விடாமல் படிப்பார். ஓடுகிற பஸ்ஸின் வங்காளி போர்டைத் தூரத்திலேயே படித்துவிடுவார். ஆனால் ஒரு ஃபாரத்தைக் கையில் கொடுத்துப் பூர்த்தி செய்யச் சொன்னால் மட்டும் மனிதருக்கு வேர்த்துக் கொட்டிவிடும். கல்யாணமான புதிதில் கல்கத்தாவில், பெஹாலா வீட்டுக்கு காஸ் இணைப்பு கேட்டு அவர் எழுதிய விண்ணப்பம் மூன்று முறை திரும்பி வந்தது. முதல் தடவை கையெழுத்து புரியவில்லை என்றார்கள். இரண்டாம் தடவை தகப்பனார் பெயர் கேட்ட இடத்தில் பெண்டாட்டி பெயர் இருந்தது. மூன்றாம் தடவை என்ன தப்பு என்று ஏஜென்சிக்காரன் சொல்லவே இல்லை, சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தான். நாலாம் தடவை பெண்டாட்டி மகேஸ்வரி எழுதினாள். பதினோராம் நாள் சிலிண்டர் வந்து இறங்கியது.

அன்றிலிருந்து அந்த வீட்டில் ஃபாரம் என்றால் மகேஸ்வரிதான். ரேஷன், ஓட்டர் லிஸ்ட், ஆதார், மகன் ராகுலின் பள்ளிக்கூடம், காலேஜ் எல்லாம் அவள் கையெழுத்து. அவள் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டுக் காட்டுவாள், அந்த இடத்தில் ஏழுமலை கையெழுத்துப் போடுவார். என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்ப்பதில்லை. இருபத்தாறு வருஷமாக அப்படித்தான் நடந்தது, ஒரு ஃபாரமும் திரும்பி வந்ததில்லை.

மகேஸ்வரி ஆரணிப் பக்கத்துப் பெண். டீச்சர் டிரெயினிங் முடித்த கையோடு கல்யாணமாகி கல்கத்தாவுக்கு வந்தவள். வேலைக்குப் போக வாய்க்கவில்லை, வீட்டிலேயே அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தாள். ஃபாரம் விஷயத்தில் அவளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பொய் எழுத மாட்டாள். ராகுலை ஒரு நல்ல பள்ளியில் சேர்க்கப் போனபோது, வீட்டிலிருந்து தூரம் ஒரு கிலோமீட்டர் என்று எல்லோரும் எழுதிக் கொடுத்தார்கள். இவள் மட்டும் மூன்றரை என்று எழுதினாள். இடம் போச்சு. கொஞ்சம் வளைந்து கொடுத்திருக்கலாமே என்று ஏழுமலை மனதில் நினைத்ததோடு சரி, வாயைத் திறக்கவில்லை.

வாயைத் திறக்காதது அந்த ஒரு தடவை மட்டும் இல்லை. வீட்டில் அவர் பேசுவது ரொம்பக் கம்மி. காலையில் "டீ இருக்குதா", ராத்திரி "கதவு சாத்திட்டியா". நடுவில் எல்லாவற்றுக்கும் "ம்".

இதை அவர் வேலை பார்க்கிற கிடர்பூரில் போய்ச் சொன்னால் ஒருவரும் நம்ப மாட்டார்கள். துறைமுகத்துக்குப் போகிற சாலையில், லாரிகளும் கைவண்டிகளும் முட்டிக்கொண்டு நிற்கிற இடத்தில், ஒரு பழைய மூன்று மாடிக் கட்டடம். கப்பல்களுக்கு ஆள் எடுத்து அனுப்புகிற கம்பெனி அது. தரைத்தளத்தில் கம்பி போட்ட ஜன்னல், ஜன்னலுக்கு உள்ளே ஏழுமலை, வெளியே நீளமாக ஒரு பெஞ்சு. கப்பலுக்குப் போனவர்களின் வீட்டுப் பெண்கள் வந்து உட்காரும் பெஞ்சு. புருஷனிடமிருந்து பதினைந்து நாளாக போன் இல்லை, மகன் ஏறிய கப்பல் எங்கே நிற்கிறது, தகராறு பண்ணினான் என்று நடுவில் இறக்கிவிட்டார்களாமே, நிஜமா என்று கேட்டு வருவார்கள். ஏழுமலையின் அப்பா இதே துறைமுக டாக்கில் மூட்டை தூக்க வந்தவர். பிள்ளை பிறந்து வளர்ந்தது கிடர்பூரில். அதனால் வங்காளி, ஹிந்தி, தெலுங்கு எல்லாம் அவர் வாயில் சரளமாக வரும். வங்காளிகள் நாக்கில் ஏழுமலை நிற்கவில்லை, சுருக்கி, அண்ணன் என்பதற்கு ஒரு 'தா' சேர்த்து, மலய்தா ஆக்கிவிட்டார்கள். மலய்தா என்றால் பெஞ்சில் பத்தொன்பது வருஷப் பழக்கம்.

நல்ல செய்தி என்றால் ஜன்னலுக்கு உள்ளே இருந்தபடியே சொல்லிவிடுவார். கெட்ட செய்தி என்றால் எழுந்து வெளியே வருவார். எதிர்க்கடையிலிருந்து மண் கோப்பையில் டீ வாங்கி, அந்தப் பெண்ணின் கையில் கொடுத்து, பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் குடித்து முடிக்கும்வரை காத்திருப்பார். பிறகுதான் சொல்வார். வேலைக்கு வந்த முதல் வருஷத்தில், காலையிலிருந்து பட்டினியாக வந்த ஒரு பெண் செய்தியைக் கேட்டதும் அப்படியே சரிந்து, கம்பியில் நெற்றி அடிபட்டு ரத்தமாகிவிட்டது. அன்று ஏற்பட்ட பழக்கம் இது. ஆனால் மலய்தா டீ கொடுத்தால் கெட்ட செய்தி என்று தெரிந்துவிட்டால் அந்த டீ தொண்டையில் இறங்குமா? அதற்கும் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். தினமும் இரண்டு தடவை, காரணமே இல்லாமல், எழுந்து வெளியே வந்து பெஞ்சில் இருக்கிற எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுப்பார். யாருடைய டீ எந்த டீ என்று யாருக்கும் தெரியாது.

நாலு மாதம் முன்னால் நாகம்மாவுக்கும் அப்படித்தான் டீ வந்தது. நாகம்மா தெலுங்குக்காரி, டாக் கூலிகளின் லைன் வீட்டில் இருக்கிறவள், அறுபதைத் தொட்ட விதவை. அவளுடைய ஒரே மகன் கப்பல் ஏணியிலிருந்து வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஏதோ ஒரு தேசத்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். அவள் குடித்து முடித்த பிறகு ஏழுமலை சொன்னார். உயிருக்குப் பயமில்லை என்பதை முதலிலும், எலும்பு முறிந்ததை இரண்டாவதாகவும் சொன்னார். அதன்பின் மகன் தேறுகிற செய்தி கேட்க அவள் வாரம் இரண்டு நாள் வந்து உட்கார்ந்தாள்.

இப்படி இருக்கும்போது பம்பாய்க்காரர்கள் கம்பெனியை வாங்கினார்கள். வாங்கியவர்கள் சும்மா இருப்பார்களா? குடும்பங்களோடு பேசுகிற ஜன்னலில் உட்காருகிறவருக்கு இமோஷனல் இன்டெலிஜென்ஸ், அதாவது மனசைப் புரிந்து நடக்கிற புத்தி, இருக்க வேண்டும் என்று கண்டுபிடித்தார்கள். அது ஒருவருக்கு இருக்கிறதா என்று அளக்க ஒரு ஃபாரமும் அனுப்பினார்கள். நாற்பது வாக்கியம், ஒவ்வொன்றிலும் ஒரு 'நான்' இருக்கும். கொஞ்சமும் பொருந்தாது என்றால் ஒன்று, முழுக்கப் பொருந்தும் என்றால் ஐந்து. நம்மைப் பற்றி நாமே டிக் போட்டு நாமே மார்க் வாங்கிக்கொள்ள வேண்டும். பெஞ்சில் உட்காருகிற பெண்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஐந்து நிமிஷத்தில் முடிகிற வேலை. அதை யாரும் யோசிக்கவில்லை.

அடுத்த மேஜை பட்டாபி நாலே நிமிஷத்தில் நாற்பதுக்கும் ஐந்து, ஐந்து என்று போட்டுக் கொடுத்துவிட்டு சமோசா சாப்பிடப் போய்விட்டான். கெட்ட பையன் இல்லை. அவனுக்கு மனிதர்களை விட கம்ப்யூட்டரோடு பேச வரும், அவ்வளவுதான். ஏழுமலை ஃபாரத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். ஃப்ரிட்ஜ் மேல் வைத்து, ஆபீஸ் ஃபாரம், திங்கட்கிழமை கொடுக்கணும் என்றார். என்ன ஃபாரம் என்று மகேஸ்வரி கேட்டாள். எப்பவும் போலத்தான் என்றார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் தூங்கி எழுந்தபோது பூர்த்தி செய்த ஃபாரம் மேஜை மேல் இருந்தது, பென்சில் குறியோடு. கையெழுத்துப் போட்டார். மறுநாள் கொடுத்தார். மறந்தும் போனார்.

எட்டு நாள் கழித்து மாடிக்குக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டது ஸ்னேகா, எச்.ஆரில் புதிதாகச் சேர்ந்த பெண். டாக்குரியாவில் மூன்று தலைமுறையாக இருக்கிற தமிழ்க் குடும்பம். தாத்தா பாங்கு ஆபீசர். அவளுக்கு வங்காளிதான் வாயில் முதலில் வரும், தமிழ் கொஞ்சம் தேடித்தான் வரும். ஆனாலும் ஏழுமலையிடம் தமிழில்தான் பேசுவாள், சித்தப்பாவை வங்காளிகள் கூப்பிடுகிற மாதிரி காக்கு என்று கூப்பிடுவாள். அன்று அவள் முகம் சரியில்லை. ஜன்னலுக்கு நூற்று முப்பது மார்க் வேண்டும், ஏழுமலைக்கு வந்திருப்பது எண்பத்து நாலு. பட்டாபிக்கு இருநூறு. ஜன்னல் பட்டாபிக்குப் போகும், ஏழுமலைக்கு மாடியில் ரெக்கார்டு ரூம். சம்பளம் குறையாது. ரிட்டயராக இருக்கிற நாலு வருஷத்தையும் பழைய ஃபைல்களோடு கழிக்க வேண்டும். இதைச் சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பெண் மூன்று தடவை தண்ணீர் குடித்தாள்.

"எப்டி காக்கு இப்டி எழுதினேள்? நானே பாத்திருக்கேனே, அந்தப் பெஞ்சுல நீங்க எப்டிப் பேசறேள்னு," என்று ஃபாரத்தை அவர் பக்கம் நகர்த்தினாள்.

ஏழுமலை அப்போதுதான் அதைப் படித்தார். மகேஸ்வரியின் டிக் குறிகள் ஒரே அளவில், கட்டத்தை விட்டு வெளியே போகாமல் வரிசையாக இறங்கின. 'நான் கோபத்தில் நிதானம் இழப்பதில்லை', ஐந்து. கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவள் வாயிலிருந்து கேட்காத நற்சான்றிதழ். ஒரு கணம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அதற்குப் பிறகுதான் அடி விழுந்தது. 'நான் என் மனதில் இருப்பதை நெருங்கியவர்களிடம் சொல்வேன்', ஒன்று. 'நான் வருத்தப்படும்போது அது பிறருக்குத் தெரியும்படி இருப்பேன்', ஒன்று. 'என்னோடு இருப்பவர்கள் தங்களை நான் புரிந்துகொண்டதாக உணர்கிறார்கள்', ஒன்று. பதினேழாவது வாக்கியம் இது: 'கஷ்டமான செய்தியை ஒருவரிடம் எப்படிச் சொல்ல வேண்டும் என்று நான் அறிவேன்.' அதற்கும் ஒன்று. அந்த இடத்தில் மட்டும் பேனா அழுந்தி, தாளின் பின்பக்கம் தடித்திருந்தது.

பத்தொன்பது வருஷமாக அவர் செய்கிற வேலையே அதுதான். அதற்குப் போய் ஒன்று. வேறு எதற்குப் போட்டிருந்தாலும் அவருக்கு இத்தனை வலித்திருக்காது.

பெண்டாட்டி எழுதியது என்று ஸ்னேகாவிடம் சொல்ல வாய் வரவில்லை. எப்படிச் சொல்வது? ஸ்னேகா பாவம், வெள்ளிக்கிழமை இன்னொரு தடவை எழுத அனுமதி வாங்கித் தந்தாள். இந்தத் தடவை ஆபீசில், அவள் முன்னால் உட்கார்ந்து எழுத வேண்டும். எல்லாவற்றுக்கும் நாலு, ஐந்து என்று போட்டுவிடுங்கள், எல்லோரும் அப்படித்தான் போட்டிருக்கிறார்கள் என்று குரலைத் தாழ்த்திச் சொன்னாள். பழைய ஃபாரத்தின் நகல் ஒன்றையும் கொடுத்தாள். அது செவ்வாய்க்கிழமை. புதனும் வியாழனும் நகலைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஏழுமலை ஆபீசுக்குப் போனார், வந்தார். வீட்டில் ஒன்றும் பேசவில்லை. அவர் வழக்கம் அதுதானே.

வியாழன் சாயங்காலம், டியூஷன் பிள்ளைகள் போன பிறகு, நகலை எடுத்து மேஜை மேல் வைத்தார். மகேஸ்வரி பார்த்தாள். முதலில் அவள் பதறியது, தான் எழுதிய ஃபாரம் திரும்பி வந்துவிட்டதே என்றுதான். எந்த இடத்தில் தப்பு என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேடினாள். தப்பு ஒன்றும் இல்லை, மார்க் கம்மி என்றார் ஏழுமலை. மார்க்கா என்று அவள் நிமிர்ந்தாள். அதற்குப் பிறகு ஜன்னல், பட்டாபி, ரெக்கார்டு ரூம் என்று எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டியதாயிற்று. கேட்கக் கேட்க அவள் முகம் வெளுத்தது.

"இத ஏங்க மொதல்லியே சொல்லல? ஆபீஸ் ஃபாரம்னு ஃப்ரிட்ஜ் மேல போட்டுட்டுப் போனீங்க. ஜன்னலுக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் இப்படி எழுதுவனா?"

ஏழுமலை நகலை மேஜை நடுவில் விரித்தார். விரலைப் பதினேழாவது வரியில் வைத்தார். இதை மட்டும் சொல்லு என்றார்.

அவள் அந்த வரியைப் படித்தாள். கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்தாள்.

"எங்கம்மா செத்த அன்னிக்கு நான் இன்னா சமைச்சிருந்தேன், ஞாபகம் இருக்குதா?"

இல்லாமல் என்ன. பதினோரு வருஷம் ஆகிறது. மச்சினன் ஜெயபிரகாஷ் மத்தியானம் ஆபீசுக்கு போன் பண்ணினான். அக்காவிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லுங்கள் மாமா என்று அழுதான். சித்திரை மாத வெயில், உடம்பை வைத்திருக்க முடியாது, முகம் பார்க்க வழியில்லை, காரியத்துக்குத்தான் போய்ச் சேர முடியும். ஏழுமலை நேராக ஹௌரா ஸ்டேஷனுக்குப் போய் அன்றைய மெயிலுக்கு டிக்கெட் எடுத்தார். வீட்டுக்கு வந்தார். குளித்தார். இன்றைக்கு சீக்கிரம் விட்டுவிட்டார்களா என்று அவள் கேட்டாள். ம் என்றார். உட்கார்ந்து சாப்பிட்டார். அவளையும் கூட உட்காரச் சொன்னார். இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள் என்று இரண்டு தடவை சொன்னார். அவள் கை கழுவி, அடுப்படியைத் துடைத்துவிட்டு வந்த பிறகுதான் சொன்னார்.

"கருவாட்டுக் கொழம்பு," என்றாள் மகேஸ்வரி. "எங்கம்மா வெக்கிற மாதிரி. அம்மா வெச்சா புளிப்பு இன்னும் தூக்கலா இருக்கும்னு சொல்லிக்கினே உங்களுக்குப் போட்டேன். கொழம்புச் சட்டிய வழிச்சித் துன்னா கல்யாணத்தன்னிக்கு மழ பேயும்னு எங்கம்மா திட்டும், அதச் சொல்லிச் சொல்லி சிரிச்சேன். அரை மணி நேரம் அம்மா கதைதான். நீங்க கேட்டுக்கினு ம்னு சொன்னீங்க. அங்க அம்மா பொணமா கெடக்குது, இங்க நான் ருசிச்சி ருசிச்சி கருவாடு துன்னுகினு கீறேன். உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். அந்த வீட்டில் அதன்பின் கருவாடு வாங்கவே இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பக்கத்து வங்காளிகள் நாற்றம் என்று முகம் சுளித்திருப்பார்கள், அதனால் விட்டுவிட்டாள் போலிருக்கிறது என்று அவர் தமக்குத் தாமே காரணம் சொல்லிக்கொண்டு பதினோரு வருஷத்தை ஓட்டியிருந்தார். பெஞ்சில் ஒரு பெண் வளையலைக் கை மாற்றிப் போட்டிருந்தால்கூடக் கண்டுபிடிக்கிற மனிதர்.

பிறகு ஏழுமலை பேசினார். வார்த்தை கோர்வையாக வரவில்லை. சொன்னால் இரண்டு நாள் அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள் என்று தெரியும், இருபத்தேழு மணி நேர ரயில், அதனால்தான் சாப்பிட வைத்தேன் என்றார். கம்பியில் நெற்றி அடிபட்ட பெண்ணைப் பற்றிச் சொன்னார். டீயைப் பற்றிச் சொன்னார், எல்லோருக்கும் தினமும் வாங்குகிற டீயைப் பற்றியும் சொன்னார். இத்தனை வருஷத்தில் ஆபீசில் தாம் என்ன செய்கிறோம் என்று அவர் வீட்டில் சொன்னது அதுதான் முதல் தடவை. அந்தப் பெண்ணுக்குப் பண்ணியதைத்தான் உனக்கும் பண்ணினேன் என்று முடித்தார்.

மகேஸ்வரி எல்லாவற்றையும் கேட்டாள். அந்த டீ விஷயம் அவள் மனதைத் தொட்டுவிட்டது, முகத்தில் தெரிந்தது. ஆனாலும் தலையை ஆட்டினாள்.

"அவங்களுக்கு நீங்க யாரோ. டீ குடுத்து, குடிக்க வெச்சி சொன்னா அது தருமம். எனக்கு நீங்க யாருங்க? வாசப்படியில நின்னு, மகேசு, அம்மா பூட்டாங்கன்னு சொல்லியிருந்தா உங்க மேல விழுந்து அழுதிருப்பேன். சாப்பிடாம மயக்கம் போட்டிருந்தா நீங்க புடிச்சிருக்க மாட்டீங்களா?"

வெளியே டயமண்ட் ஹார்பர் ரோட்டில் பஸ் ஒன்று விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. ஏழுமலை நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தப்புதான் மகேசு," என்றார்.

அவள் எழுந்து உள்ளே போனாள். முகம் கழுவிக்கொண்டு வந்தாள். நாளைக்கு என்ன செய்ய வேண்டும் என்று டியூஷன் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னாள். எல்லாவற்றுக்கும் ஐந்து போடுங்கள், பதினேழுக்கும் போடுங்கள், நான் போட்டது பழைய கோபத்தில் போட்டது, அந்த ஜன்னல் உங்களுக்கு எவ்வளவு என்று இப்போதுதானே எனக்குத் தெரிகிறது என்றாள். பொய் எழுதாத மகேஸ்வரி சொன்னாள் இதை. ஏழுமலை ம் என்றார். பிறகு, ம் என்று சொல்லிவிட்டோமே என்று தோன்றி, பார்க்கிறேன் என்றும் சேர்த்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை, இருபத்தாறு வருஷத்துக்குப் பிறகு, அவர் தம் கையால் ஒரு ஃபாரத்தைப் பூர்த்தி செய்தார். வேர்த்தது. ஃபேன் சத்தமாகச் சுற்றியது. 'நான் பிறர் மனநிலையை எளிதில் அறிந்துகொள்வேன்' என்பதற்கு ஐந்து போடக் கை வரவில்லை. தன் கழுத்தில் தானே மாலை போட்டுக்கொண்டு தெருவில் நடப்பது மாதிரி இருந்தது. நாலு போட்டார். பெரும்பாலும் மூன்று, நாலு, சிலவற்றுக்கு இரண்டு. பதினேழில் வந்து நின்றார். ஸ்னேகா ஜன்னல் பக்கம் திரும்பி, கீழே லாரிகளைப் பார்ப்பது போல நின்றுகொண்டாள். பெஞ்சுக்கு என்றால் ஐந்து, வீட்டுக்கு என்றால் ஒன்று. எந்த இடத்தில் என்று ஃபாரம் கேட்கவில்லை. எதற்கு அதிகம் மதிப்பு என்று அவரேதான் முடிவு செய்ய வேண்டியிருந்தது.

ஒன்றில் டிக் போட்டார்.

ஸ்னேகா அங்கேயே கூட்டினாள். ஒரு தடவை கூட்டி, மறுபடி கூட்டினாள். நூற்று இருபத்தாறு. நாலு மார்க் குறைவு. தாளைப் புரட்டிப் பார்த்து, பதினேழில் விரல் வைத்து, தன் பேனாவை எடுத்து நீட்டினாள்.

"இத மட்டும் அஞ்சாக்கிடுங்கோ காக்கு. கரெக்டா நூத்தி முப்பது வரும். நான் எதுவும் பாக்கல."

நானாக இருந்தால் அந்தப் பேனாவை வாங்கியிருப்பேன். நீங்களும் வாங்கியிருப்பீர்கள். அது பொய்கூட இல்லை, பெஞ்சில் கேட்டால் நூறு பேர் சாட்சி சொல்வார்கள். ஏழுமலைக்கும் அது தெரியும். கை பேனா பக்கம் போனது நிஜம்.

"அது எம் பொண்டாட்டி போட்ட மார்க்கும்மா," என்றார். "நேத்து அவகிட்ட ஒத்துக்கினு வந்துட்டேன். இங்க வந்து மாத்திட்டா, அவகிட்ட சொன்னது இன்னாத்துக்கு?"

ஸ்னேகாவுக்கு முழுக்கப் புரிந்ததா என்று தெரியாது. பேனாவை மூடிக் கையிலேயே வைத்துக்கொண்டாள். திங்கட்கிழமையிலிருந்து ரெக்கார்டு ரூம் என்று ஒரு கடிதம் அடித்துக் கொடுத்தாள்.

கீழே இறங்கி வந்தபோது பெஞ்சில் நாகம்மாவும் இன்னும் மூன்று பெண்களும் இருந்தார்கள். ஏழுமலை உள்ளே போய் உட்காராமல் ஜன்னலுக்கு வெளியே, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாகம்மா அவர் முகத்தையே பார்த்தாள். அவளுக்கு முதலில் தன் மகன் நினைவுதான் வந்திருக்க வேண்டும். ஆனால் இது அந்த முகம் இல்லை என்று எப்படியோ கண்டுகொண்டாள். ஒன்றும் கேட்காமல் எழுந்து, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, எதிர்க்கடைக்குப் போய் மண் கோப்பையில் ஒரு டீ வாங்கி வந்தாள். அவர் கையில் கொடுத்தாள். பெஞ்சில் இடம் விட்டு உட்கார்ந்தாள். அவர் கடைசிச் சொட்டுவரை குடித்து, கோப்பையைத் தொட்டியில் போடும்வரை காத்திருந்தாள். அப்புறம்தான் என்ன ஆச்சு பாபு என்று தெலுங்கில் கேட்டாள்.

ஏழுமலை சொன்னார். யாருக்கு எந்த நம்பரில் போன் பண்ண வேண்டும், மாடியில் தாம் எந்த அறையில் இருப்போம் என்றும் சொன்னார். பட்டாபியை வெளியே கூப்பிட்டு, நாகம்மாவின் மகன் பெயர், கப்பல் பெயர், ஆஸ்பத்திரி எல்லாவற்றையும் அவள் எதிரிலேயே ஒப்படைத்தார். தினமும் இரண்டு தடவை எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுக்கணும் என்றும் சொன்னார். எதற்கு என்று பட்டாபி கேட்டான். முதலில் ஒரு மாசம் வாங்கிக் கொடு, அப்புறம் சொல்கிறேன் என்றார்.

பெஹாலாவில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது மழை பிடித்துக்கொண்டது. குடை இல்லை. நனைந்துகொண்டே நடந்தார். வழியெல்லாம் கால் பழைய வழக்கத்துக்கே இழுத்தது. முதலில் செருப்பைக் கழற்று, தலையைத் துவட்டு, சாப்பிடு, அவளும் சாப்பிடட்டும், பாத்திரம் கழுவி முடிக்கட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். பெஞ்சில் அறுநூறு எழுநூறு பேரிடம் சொன்ன மனிதர், சொந்த வீட்டு மாடிப்படியில் நின்று நின்று ஏறினார்.

மகேஸ்வரி கதவைத் திறந்தாள். கையில் துண்டு. அவளுக்குப் பின்னால் அடுப்பில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது.

"மகேசு," என்றார் ஏழுமலை, வாசப்படியிலேயே நின்றுகொண்டு, தண்ணீர் சொட்டச் சொட்ட. "ஜன்னல் என் கைய விட்டுப் பூடுச்சு. எனக்கு ரொம்பக் கஷ்டமா கீது."

அவள் அவரைப் பார்த்தாள். திரும்பி உள்ளே போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, துண்டை அவர் தலையில் போட்டாள்.

"உள்ள வாங்க," என்றாள். "சோறு அப்புறம் துன்னலாம். மொதல்ல சொல்லுங்க."